இரவல் பட்டமும் சொந்த மூச்சும்

ஒரு கலைஞனைப் பாராட்ட முற்படும்போது வேற்று நாட்டுக் கலைஞன் ஒருவனின் பெயரை எடுத்து அவன் தலையில் சூட்டுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். காளிதாசன் 'இந்தியாவின் ஷேக்ஸ்பியர்' ஆனான். பம்பாயின் ஜாஸ் இசைக் கலைஞர் சிக் சாக்லேட், 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' ஆனார். அன்பு மிகுதியால் வழங்கப்பட்ட பட்டம்தான். ஆயினும் அது அவருக்கு நன்மை செய்ததா என்பது ஆராயத்தக்கது. செய்யவில்லை என்பதே என் கருத்து.

அவருடைய இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1916ஆம் ஆண்டில் கோவாவின் அல்டோனா என்னும் ஊரில் பிறந்தார். கோவா அப்போது போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. 1961 வரை அந்நிலை நீடித்தது. அங்கே தேவாலயத்தைச் சார்ந்த பள்ளிகளில் சிறுவர்களுக்கு மேல்நாட்டுச் சுரக்குறிப்பைப் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்த இசைக்கு ஏற்ற பிழைப்பு ஊரில் இல்லை. எனவே கோவா இளைஞர்கள் வாத்தியப் பெட்டியும் கையுமாகப் பம்பாய்க்கு வந்தார்கள். ஊருக்கு ஒன்றாக அவர்கள் அமைத்துக்கொண்ட 'கூட்' எனப்படும் பொது விடுதிகள் தோபிதலாவ் பகுதியில் இருந்தன. நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தாராவியில் ஊர்க்காரர் நிழலில் ஒதுங்கி வேலை தேடிய குடும்பங்களின் வழிவந்த நமக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று.

பம்பாய்க்கு ஜாஸ் வந்த கதையையும் சிறிது சொல்ல வேண்டும். 1935இல் லியான் ஆபி என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் குழுவுடன் தாஜ்மகால் ஹோட்டலில் வாசிக்க வந்தார். அவரைத் தொடர்ந்து கிரிக்கெட் ஸ்மித், டெடி வெதர்ஃபோர்டு போன்றோர் வந்தனர். அவர்களிடமிருந்தும் இசைத்தட்டுகளிலிருந்தும் கோவாக் கலைஞர்கள் இந்தப் புதிய கலையைக் கற்றார்கள். தாளில் எழுதியதை வாசிக்க அவர்கள் முன்பே அறிவார்கள். தாளில் இல்லாததை வாசிப்பதுதான் அவர்களுக்குப் புதிய பாடம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த மரபுவழி ஜாஸில் டிரம்பெட் மெட்டைத் தாங்கிச் செல்லும். கிளாரினெட் அதன் மேலே கொடிபோல் சுற்றிப் படரும். டிராம்போன் கீழே நின்று முட்டுக்கொடுக்கும். மூவரும் ஒரே நேரத்தில் தத்தம் கற்பனையை ஓடவிடுவார்கள். சண்முகானந்தா சபையில் நிரவலும் கற்பனைச் சுரமும் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இந்த மனோதருமம் எளிதில் விளங்கும். வேறுபாடு ஒன்றுண்டு. நம் வித்துவான் இராகம் என்னும் ஒரே நிலத்தில் நின்று உழுகிறார். ஜாஸ் கலைஞரின் காலடியில் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஓடும் ரயிலில் நின்றுகொண்டு பேசுவதுபோல் அவர் வாசிக்க வேண்டும்.

நம்மிடையேயும் மேல்நாட்டு வாத்தியங்கள் வந்தன. வயலினைப் பாலுசாமி தீட்சிதரும், கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும், சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் நம் இசைக்கு வசப்படுத்தினார்கள். அங்கெல்லாம் கருவி மட்டும் வந்தது. இசை நம்முடையதாகவே நின்றது. சிக் சாக்லேட்டுக்கு நேர்ந்தது வேறு. கருவியும் இசையும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் ஏற்று, அதற்குள் தமக்கென ஓர் இடம் தேட வேண்டியிருந்தது.

இளமையில் அவர் ஆம்ஸ்ட்ராங்கின் வாசிப்பு முறையை மட்டுமன்றி மேடைத் தோரணையையும் பின்பற்றினார். இதனை நாம் குறையாகக் கருதுவதில்லை. குருவின் பாணி பிசகாமல் வாசிக்கும் சீடனுக்குத் தஞ்சையில் சால்வை போர்த்துவார்கள். ஆனால் ஜாஸ் கலையின் சட்டம் அப்படிப்பட்டதன்று. உன் குரல் எங்கே என்பதே அங்குக் கேட்கப்படும் முதற் கேள்வி. அந்தச் சட்டப்படி பார்த்தால், 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்' என்பது புகழ்ச்சி உடையணிந்த இகழ்ச்சியே ஆகும். அந்தச் சொந்தக் குரல் எங்கே இருக்கிறது? அவர் தம் 'மியூசிக் மேக்கர்ஸ்' குழுவுடன் வாசித்த கிரீன்ஸ் ஹோட்டலிலோ தாஜ் ஹோட்டலிலோ அதைத் தேடினால் முழுமையாகக் கிடைக்காது. அந்த இரவுகளின் இசை பெரும்பாலும் காற்றோடு போயிற்று. கிரீன்ஸ் ஹோட்டலே இன்று இல்லை. அதன் இடத்தில் 1973இல் தாஜின் கோபுரக் கட்டடம் எழுந்துவிட்டது.

தேட வேண்டிய இடம் இந்தித் திரைப்படம். விடுதலைக்குப் பின் வெள்ளையர் வெளியேறினர். 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இரவு விடுதிகளின் வருவாயைக் குறைத்தது. பிழைப்புத் தேடி ஜாஸ் கலைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சென்றார்கள். அங்கே சிக் சாக்லேட்டுக்கு வாய்த்த துணை, இசையமைப்பாளர் சி. ராமச்சந்திரா. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினிக்கும் வைஜயந்திமாலாவுக்கும் நடந்த நடனப் போட்டியை மறவாத தமிழர் எவரும் அந்த இசையமைப்பாளரை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

1951இல் வெளிவந்த 'அல்பேலா'வின் 'ஷோலா ஜோ பட்கே' என்னும் பாடலைக் கூர்ந்து கேளுங்கள். மெட்டு நம் நாட்டுச் செவிக்கு உகந்தது, எளிமையானது, தெருவில் போகிறவரும் முணுமுணுக்கக்கூடியது. அதன் அடியில் போங்கோவின் தாளம் இலத்தீன் அமெரிக்க நடையில் துள்ளுகிறது. டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன் ஆகியவை பாடலின் இடைவெளிகளில் புகுந்து பதில் சொல்கின்றன. இந்தப் பதில்தான் ஜாஸ். அது பாட்டை மறைப்பதில்லை, பாட்டுக்குப் பின்னால் ஒளிவதுமில்லை. ஆம்ஸ்ட்ராங்குக்கு இந்தப் பணி வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் எப்படிச் செய்திருப்பார் என்று சொல்லவும் முடியாது. இந்தி மெட்டுக்குள் ஜாஸ் எவ்வளவு நுழையலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்னும் அளவை அறிந்தவர்கள் பம்பாயின் இக்கலைஞர்களே. அப்படத்தில் சிக்கும் அவர் குழுவினரும் திரையிலேயே தோன்றுகின்றனர். ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டிலேயே இருந்துவிட்ட எத்தனையோ பேருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

அக்காலத்தில் இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக்காட்டுவார். அதைச் சுரக்குறிப்பாக எழுதி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைப் பிரித்து, இடையிசையைப் பின்னி, கலைஞர்களை ஒருங்கே நடத்துவது உதவியாளர்களின் வேலை. ஆந்தனி கோன்சால்வஸ், செபாஸ்டியன் டிசோசா, பிராங்க் பெர்னாண்ட் எனக் கோவாக்காரர் பலர் இதில் தேர்ந்திருந்தனர். இசைத்தட்டின் மேல் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் அச்சாயின. இவர்கள் பெயர் அச்சாகவில்லை. கிரெகரி பூத் 2008இலும் நரேஷ் பெர்னாண்டஸ் அதன் பின்னரும் எழுதிய நூல்கள் வந்த பிறகே இந்த உழைப்பு பலர் கண்ணுக்குப் பட்டது. கோவண்டித் தெருவில் கல்யாண ஊர்வலம் போகும்போது பேண்டுக்காரர்கள் ஊதும் பழைய இந்திப் பாட்டுகளில் எந்தத் துணுக்கு எந்தக் கோவாக்காரர் எழுதியதோ, யாரால் சொல்ல முடியும்?

தனித்த இசையமைப்பாளராகச் சிக் சாக்லேட் வெற்றி பெற்றாரா எனில், இல்லை என்றே சொல்ல வேண்டும். 'நாதான்' (1951), 'ரங்கீலி' (1952), 'கர் பலா' (1956) ஆகிய சில படங்களே அவர் பெயரில் நிற்கின்றன. ஆனால் 'நாதான்' படத்தில் தலத் மஹ்மூத் பாடிய 'ஆ தேரி தஸ்வீர் பனா லூன்' என்ற பாடல் என் நோக்கில் அவருடைய கையொப்பம். டிரம்பெட்காரர் அமைத்த பாட்டாயிற்றே என்று ஆரவாரத்தை எதிர்பார்த்துக் கேட்பவர் திகைத்துப்போவார். தலத்தின் நடுங்கும் குரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அறிந்து, அவ்வளவையும் விட்டுக்கொடுத்து அமைத்த மென்மையான மெட்டு அது. மூச்சை அடக்கத் தெரிந்தவனே ஊதத் தெரிந்தவன் என்று நாகசுர ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நடனக் கூடத்தை அதிரவைத்த அதே மனிதர் இங்கே மூச்சை அடக்கியிருக்கிறார். பன்முகத் திறன் என்னும் சொல்லை எல்லார்க்கும் வாரி வழங்கும் நம் விழா மலர்கள், இவருக்கு அதை வழங்கத் தயங்க வேண்டியதில்லை.

1967இல், ஐம்பதை ஒட்டிய வயதில், பம்பாயில் அவர் காலமானார். அவருடைய இசையை அறிய விரும்பும் அன்பர்கள் முதலில் 'அல்பேலா'வின் பாடல்களைக் கேட்கட்டும். அவற்றை அடுத்து, அன்றே, தலத்தின் அந்த ஒரு பாடலையும் கேட்கட்டும். ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.