முதலையின் தன்கதை

மலாக்கா மாநிலச் சின்னத்தில் ஒரு மலாக்கா மரம், அதன் இரு பக்கமும் இரண்டு சருகுமான்கள். வேட்டைக்கு வந்த அரசனின் நாயை ஒரு சருகுமான் எட்டி உதைத்தது, அதைப் பார்த்து அவன் அங்கேயே நகரம் அமைத்தான் என்கிறது 'செஜாரா மெலாயு'. ஒரு கதையிலிருந்து பிறந்த ஊர் இது. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் நாம் கதைகளை என்னவாகக் கொடுக்கிறோம்?

சருகுமானின் புகழ்பெற்ற கதையையே எடுத்துக்கொள்வோம். ஆற்றைக் கடக்க வேண்டும், தண்ணீர் முழுக்க முதலைகள். "அரசர் சுலைமான் உங்களுக்கு விருந்து வைக்கப் போகிறார், எண்ணச் சொன்னார், வரிசையாக நில்லுங்கள்" என்கிறது சருகுமான். முதலைகள் வரிசை கட்டுகின்றன. அது முதுகு முதுகாகத் தாவி அக்கரை சேர்ந்துவிடுகிறது.

இதைக் கேட்டுச் சிரிக்க ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! விருந்து பொய் என்று தனக்குத் தெரியும், முதலைக்குத் தெரியாது, அது நம்பிவிட்டது என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் இதைத்தான் ஒரு குட்டிக்கதையால் சோதித்தார்கள். மாக்சி சாக்லெட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லெட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். நான்கு, ஐந்து வயதில்தான் "அவனுக்குத் தெரியாதுல்ல!" என்ற பதில் வரத் தொடங்குகிறது. நம் பாட்டிகள் இந்தச் சோதனையைப் பல தலைமுறைகளாக லயத்து வாசலில் நடத்தியிருக்கிறார்கள். பஞ்சதந்திரக் குரங்கு, "இதயத்தை மரத்திலேயே வச்சிட்டு வந்துட்டேன்" என்று முதலையிடம் சொல்கிறதே, அதுவும் இதே வகைதான்.

வகுப்பறையில் இந்தக் கதைகள் எப்படி முடிகின்றன? 'நீதி: புத்தி பலத்தை வெல்லும்.' அவ்வளவுதான், புத்தகத்தை மூடு. என் குறை இங்கேதான். முதலைகளின் மனத்தை அந்தக் கதையில் மிக நன்றாகப் படித்தது யார்? சருகுமான்தான். படித்துவிட்டு ஏமாற்றியது. அடுத்தவர் மனத்தை அறிவது வேறு, அவருக்காக மனம் இளகுவது வேறு. முதல் படியைக் கதை தானாகவே ஏற்றிவிடும். இரண்டாவது படிக்கு யாராவது கேட்க வேண்டும்: "அப்போ முதலைக்கு எப்படி இருந்திருக்கும்?" குரங்குக் கதையில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. அந்த முதலை குரங்கின் நண்பன். மனைவிக்கும் நண்பனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவன். நீதி வரியில் அவனுக்கு இடமே இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டதைத் தெளிவாகச் சொல்ல வேண்டாமா என்று கேட்கலாம். சொல்லலாம். ஆனால் நன்னெறிக் கல்விக்குத் தனிப் பாடமே இருக்கிறது. கதையையும் அதன் கிளை வகுப்பாக்க வேண்டுமா?

இதற்கான கருவி நம் பள்ளிகளிலேயே கிடக்கிறது: தன்கதை. "நான் ஒரு பள்ளிப்பை. தொழிற்சாலையில் பிறந்தேன்..." என்று எழுதாத மலேசியத் தமிழ் மாணவர் உண்டா? இன்னொன்றாக மாறிப் பேசச் சொல்லும் அருமையான வடிவம். அதைத் தேர்வுக்காக மனப்பாட மாதிரிக் கட்டுரையாக்கினோம். குடை, பேனா, காலணி எல்லாம் ஒரே மாதிரி பிறந்து, விற்கப்பட்டு, குப்பைத்தொட்டியில் ஒரே மாதிரி அழுதன. உயிரில்லாத பொருள்களுக்காகக் கண்ணீர் விடப் பழகினோம். பக்கத்து வீட்டு மனிதர் ஒருவராக மாறி ஒரு பத்தி எழுதிப் பார்த்தோமா?

இது வெறும் கட்டுரைப் பயிற்சி பற்றிய கவலை இல்லை. ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் பல தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டன. இன்று குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். கடல் தாண்டி வந்து, கூலிக்கு நின்று, பேச்சு புரியாமல் முழித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று அதே நிலையில் நிற்பவரை நம் பிள்ளை 'பங்களா' என்ற ஒற்றைச் சொல்லால் தாண்டிப் போகிறது என்றால், எத்தனை நீதி வரிகளை ஒப்பித்து என்ன பயன்?

யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. மாதிரிக் கட்டுரைக்கு இனி அந்தச் சாக்கும் இல்லை. ஆண்டு ஒன்றில் வாயால் சொல்லட்டும், ஆண்டு நான்கில் எழுதட்டும்: "நான் ஒரு முதலை. அன்று ஒரு சருகுமான் எங்களை வரிசையில் நிற்கச் சொன்னது..." அங்கிருந்து குலை வெட்டுபவரின் கதைக்கு ரொம்ப தூரம் இல்லை.