குழாயும் விதிநூலும்

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குச் சற்று வடக்கே, கல்பாக்கத்தில், குழாய் வடிவமைப்பின் இரண்டு மரபுகள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. ஒன்று அழுத்தத்துக்கு அஞ்சிப் பிறந்தது, மற்றது வெப்பத்துக்கு. ஒரு விதிநூலைக் கையில் எடுக்கும் பொறியாளர், அதை எழுதியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

மூத்தது ஏ.எஸ்.எம்.இ. எனப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் மரபு. 1905-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து பிராக்டன் காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அதன் விளைவாகப் பிறந்த மாநிலச் சட்டத்தைத் தொடர்ந்து வந்ததுதான் 1914-ஆம் ஆண்டின் கொதிகலன் விதிநூல். மின்நிலையக் குழாய்களுக்கான பி31.1-உம், அணு உலைக்கான மூன்றாம் பிரிவும் அந்தச் சங்கத்தின் வழி வந்தவையே. நம் அனல்மின் நிலையங்களின் நீராவிக் குழாய்களுக்கு 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகள் (ஐ.பி.ஆர்.).

கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் கனநீர் உலை ஒவ்வொன்றிலும் 306 குளிர்விப்புக் குழல்கள் உண்டு. ஒவ்வொரு குழலுக்கும் கனநீர் வர ஒன்று, போக ஒன்று என ஊட்டுக்குழாய்கள். சுமார் 290 டிகிரி செல்சியஸிலும் கனநீர் கொதிக்காமலிருக்கக் கடும் அழுத்தம் வேண்டும். ஆகவே சுவர்த் தடிமனே இங்கே காவல். தேய்மானத்துக்கென்று கூடுதலாகவும் கொஞ்சம் சேர்ப்பார்கள்.

பக்கத்திலுள்ள முன்மாதிரி வேக ஈனுலையில் கதை தலைகீழ். அங்கே குளிர்விப்பானாக ஓடும் சோடியத்துக்கு அழுத்தம் சொற்பம், ஆனால் வெப்பம் 547 டிகிரி வரை. உலை திடீரென நின்று சோடியம் சட்டென்று குளிர்ந்தால், தடித்த சுவரின் உட்புறம் முந்திக்கொண்டு சுருங்கும், வெளிப்புறம் பின்தங்கும். அந்த இழுபறியில் உலோகம் களைத்துப்போகும். அதனால் இங்கே மெல்லிய சுவரே நல்லது. பத்து மீட்டர் துருவேறா எஃகுக் குழாய் 500 டிகிரி சூடேறினால் ஒன்பது சென்டிமீட்டர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் விட்டு, வளைத்து வளைத்துத்தான் குழாயைக் கொண்டுபோக முடியும். போதாக்குறைக்கு, அந்தச் சூட்டில் எஃகு ஆண்டுக்கணக்கில் மெல்ல நெகிழும். இவற்றையெல்லாம் விரிவாகக் கணக்கில் எடுக்கும் பிரெஞ்சு விதிநூலான ஆர்.சி.சி.-எம்.ஆர். இந்த ஈனுலைக்கு வந்தது அதனால்தான்.

வடிவமைப்போடு விதிநூலின் வேலை தீர்ந்துவிட்டதாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குழாயைத் தாங்கும் ஸ்பிரிங் ஹேங்கரில் குளிர்நிலை, சூட்டுநிலை என இரு குறிகள் இருக்கும். குழாய் சூடேறிய பிறகும் முள் சூட்டுக்குறிக்கு வரவில்லையென்றால், குழாய் எங்கோ தடைபட்டிருக்கலாம். நகர முடியாத அந்த நீட்சி ஏதோ ஒரு வெல்டிங் இணைப்பை வதைத்துக்கொண்டிருக்கும். நடந்துபோகும் ஆபரேட்டர் அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

தேய்மானத்தையும் இப்படியே கவனிக்க வேண்டும். ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில் 2004 ஆகஸ்டு 9 அன்று, 10 மில்லிமீட்டர் தடிமனில் போட்ட குழாய் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்து வெடித்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சோதனைப் பட்டியலில் அந்த இடமே விடுபட்டிருந்தது. கல்பாக்கத்தில் ஏறக்குறைய அதே காலத்தில், சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலையை நிறுத்திவைத்து, குளிர்விப்புக் குழல்களோடு ஊட்டுக்குழாய்களையும் ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். புதுக்குழாய்களுக்கும் அளவெடுப்பு ஓய்வதில்லை. நீர் திரும்பும் முழங்கை வளைவுகளைத்தான் அல்ட்ராசோனிக் கருவி முதலில் தேடிப்போகிறது.