ஆதொண்டன் புழலுக்கு வந்தானா?

அம்பத்தூரைத் தாண்டி ஆவடிக்குப் போகும் வழியில் இருக்கிறது திருமுல்லைவாயில். அங்குள்ள மாசிலாமணீசுவரர் கோயிலில் தலபுராணத்துக்குச் சாட்சிகள் ஏராளம். கருவறை முன்னே இரண்டு எருக்கந்தூண்கள். சுவாமிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்க்கும் நந்தி. ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்புக்குள் இருக்கும் லிங்கம். மூன்றுக்கும் ஒரே கதைதான் காரணம் சொல்கிறது. புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்மேல் தொண்டைமான் படையெடுத்தான், தோற்றான். திரும்பும் வழியில் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளால் வெட்டினான்; ரத்தம் வந்தது; கொடிக்கு அடியில் லிங்கம் இருந்தது. இறைவன் துணைக்கு அனுப்பிய நந்தி போருக்குக் கிளம்பிய வாக்கிலேயே இன்னும் இருக்கிறது. ஜெயித்த மன்னன் குறும்பர் கோட்டையிலிருந்து எருக்கந்தூண்களைப் பெயர்த்து வந்து நட்டான். வெட்டுப்பட்ட மேனிக்குச் சந்தனம்.

கும்பிடப் போகிறவருக்கு இது போதும். ஆனால் இந்தக் கதை கோயில் மதிலுக்குள் அடங்கி இருக்கவில்லை. தொண்டைமண்டலத்தின் ஆதிகுடி யார், நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளுக்கு இருநூறு ஆண்டுகளாக இதையே ஆதாரமாக எடுத்துக் காட்டுகிறார்கள். சாதிச் சங்க மலர்களிலும் இது வரலாறாகவே அச்சாகிறது. எனவே இதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது நியாயம்தான்.

கதையின் மிக விரிவான வடிவம் காலின் மெக்கன்சி சேகரித்த சுவடிகளில் உள்ளது. 1815-இல் இந்தியாவின் தலைமை நில அளவையாளர் ஆனவர் அவர், 1821-இல் இறந்தார். காவலி போரய்யா, லட்சுமய்யா போன்ற உதவியாளர்கள் அவருக்காக ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடமும் கணக்குப்பிள்ளைகளிடமும் கேட்டு எழுதி வாங்கினார்கள். அந்தச் சுவடியின்படி குறும்பர் தொண்டைமண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்துப் புழலைத் தலைநகராக வைத்து ஆண்டார்கள், சமணத்தைத் தழுவினார்கள். குலோத்துங்க சோழனின் மகன் ஆதொண்டன் அவர்களை ஒழித்துவிட்டு வேளாளர்களை அழைத்து வந்து குடியேற்றினான். 24 கோட்டம், 79 நாடு, 1,900 நத்தம் என்று கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கும். இவ்வளவு சுத்தமான கணக்கைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். போகட்டும், சந்தேகம் சான்று ஆகாது.

பின்னால் போய்ப் பார்ப்போம். சுந்தரர் திருமுல்லைவாயிலைப் பாடியிருக்கிறார். அவரை 8-ஆம் நூற்றாண்டில் வைப்பவர்களும் உண்டு, 9-ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளுபவர்களும் உண்டு. எப்படியானாலும் 1070-இல் பட்டமேறிய முதல் குலோத்துங்கனுக்கு அவர் நெடுங்காலம் முந்தியவர். அந்தப் பதிகத்தின் பத்தாம் பாட்டில் தொண்டைமான் வருகிறான், யானை வருகிறது, முல்லைக்கொடி அதைக் கட்டுகிறது, இறைவன் வெளிப்பட்டு அருளுகிறார். ஆக, கதையின் கரு சுந்தரர் காலத்திலேயே ஊரறிந்த செய்தி. குலோத்துங்கனின் பிள்ளை அதில் நாயகனாக இருக்க வழியே இல்லை.

சேக்கிழாரின் சாட்சியமும் இதே பக்கம்தான். அவர் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. முதல் குலோத்துங்கனின் மகன் புழலை வென்று ஒரு பெருங்கூட்டத்தையே கொண்டுவந்து குடியமர்த்தியிருந்தால், அது அவருடைய தாத்தா காலத்துச் செய்தியாக, அதுவும் சொந்த ஊர்ச் செய்தியாக இருந்திருக்கும். அவரோ முல்லைவாயில் இறைவன் தொண்டைமானுக்கு அருளியதைச் சுந்தரர் அங்கே போவதற்கு முன்பே நடந்து முடிந்த பழைய நிகழ்ச்சியாகத்தான் பாடுகிறார்.

கோட்டப் பிரிவும் ஆதொண்டன் கதைக்கு உதவவில்லை. இரண்டாம் நந்திவர்ம பல்லவனின் காசாக்குடிச் செப்பேடு, 8-ஆம் நூற்றாண்டு, ஊற்றுக்காட்டுக் கோட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எனவே பிரிவு பழையது. அதைச் செய்தவர்கள் குறும்பர்தான் என்பதற்குச் செப்பேட்டில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு பிராமணருக்கு நிலம் கொடுக்க எழுதிய அந்த ஆவணத்துக்கு யார் முதலில் நாட்டைப் பிரித்தார்கள் என்று நமக்குச் சொல்லவேண்டிய கடமை இல்லை. அதனால்தான் அது போகிறபோக்கில் உதிர்க்கும் கோட்டப் பெயரை நம்பலாம். தம்மை அறியாமல் சாட்சி சொல்பவர்களையே வரலாற்றாசிரியன் அதிகம் நம்பவேண்டும் என்று பிரெஞ்சு அறிஞர் மார்க் பிளாக் வாதிட்டதற்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர் எடுத்துக்காட்டு கிடைக்காது.

இனி சுந்தரர் சொல்லாமல் விட்டதைப் பார்க்கவேண்டும். அந்தப் பாட்டில் குறும்பர் இல்லை. புழல் இல்லை. தோல்வி, வாள், ரத்தம், எருக்கந்தூண் எதுவும் இல்லை. இதை வைத்து அவை எல்லாம் பிற்காலச் சேர்க்கை என்று உடனே தீர்த்துவிடலாமா? கூடாது. மௌனத்தைச் சான்றாக்க வேண்டுமானால், பேசவேண்டிய இடத்தில் அவர் பேசவில்லை என்று காட்டவேண்டும். சுந்தரர் பாடியது பதிகம். தொண்டைமானின் போர்க்குறிப்பு எழுத அவர் உட்காரவில்லை. கேட்பவர்களுக்குத் தெரிந்த கதை என்பதாலேயே விட்டிருக்கலாம். ஆனால் அதே நியாயப்படி, குறும்பர் போருக்குச் சுந்தரரே சாட்சி என்று தலபுராணப் புத்தகங்கள் எழுதுவதும் செல்லாது. அவர் எந்தத் தொண்டைமானைச் சொன்னார் என்பதுகூட உறுதியில்லை. பெரும்பாணாற்றுப்படையின் தொண்டைமான் இளந்திரையன் முதல் பல்லவர் வரை அந்தப் பட்டத்துக்கு உரியவர்கள் பலர். குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானின் புகழ்தான் பிற்காலத்தில் கதையைக் குலோத்துங்கன் வீட்டுக்கு இழுத்துப் போனதோ என்று எனக்கு ஓர் ஊகம். ஊகம் என்ற அளவில் இருக்கட்டும்.

கண்ணால் காணும் பொருள்கள் என்ன சொல்கின்றன? எருக்கந்தூண்கள்தான் மக்கள் மனதில் பெரிய ஆதாரம். எருக்கு செடி, தூணாகும் அளவுக்குப் பருத்த எருக்கு வியப்புக்குரியது. மரத்தின் இழை அமைப்பைப் பரிசோதித்தால் அது எருக்கா வேறு மரமா என்று தெரிந்துவிடும். கரிமக் கணிப்பு செய்தால் அந்த மரம் எப்போது உயிரோடு இருந்தது என்று தெரியும். இரண்டும் கதைக்குச் சாதகமாகவே வந்தன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது புழலிலிருந்து வந்தது என்பதோ, கோட்டையில் நின்றது என்பதோ நிரூபணம் ஆகாது. கதையில் எது முக்கியமோ அதைத் தொடாமல் ஆய்வுக்கூடம் நின்றுவிடும். நந்தியும் அப்படியே. நந்தி திரும்பி இருப்பதால் கதை வந்ததா, கதையால் நந்தி திரும்பியதா என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

புழலில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் ஆதிநாதர் சமணக் கோயில் சற்றே கனமான சான்று. குறும்பர் சமணர் என்ற சுவடிச் செய்திக்கு அது ஒத்து வருகிறது. ஆனால் அதே கோயிலைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே முன்பு ஆண்டவர்கள் சமணர் என்று கதை சொன்னவர்கள் கற்பித்திருக்கவும் கூடும். சுவடி எழுதியவர்களுக்கும் அந்தக் கோயில் தெரியும் என்பதுதான் சிக்கல். இரண்டு சான்றுகள் ஒன்றையொன்று தெரியாமல் ஒரே செய்தியைச் சொன்னால்தான் அவை இரண்டு. இல்லையென்றால் ஒன்றின் எதிரொலி மற்றொன்று.

எனக்கு இந்த விசாரணையில் திருப்புமுனையாகப் படுவது மிராசு, அதாவது காணியாட்சி எனும் பரம்பரை நிலவுரிமை. கும்பெனி ஆட்சி செங்கல்பட்டுப் பகுதியில் நிலவரியை ஒழுங்கு செய்ய முனைந்தபோது, காணியாட்சி யாருக்கு, எந்த உரிமையில் என்ற கேள்வி எழுந்தது. சென்னை கலெக்டர் எல்லிஸ் அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதில் 1818-இல் அச்சானது. அதில் வேளாளர் மிராசின் ஆதிமூலம் ஆதொண்டன் செய்த குடியேற்றம். மெக்கன்சியின் ஆட்கள் ஊர்களில் சுவடி சேர்த்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். வெறுங்காடாக இருந்ததை வென்று, திருத்தி, எங்களுக்குக் கொடுத்தான் ஒரு சோழ இளவரசன் என்பது கேட்க வீரகாவியம். கச்சேரியில் வைத்தால் பட்டா. நத்தங்களின் எண்ணிக்கை வரை கதைக்கு ஏன் தெரிந்திருந்தது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல என் வாதம். தாத்தா சொன்னதை நம்பியே சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்தக் கதையால் இழப்பவர்கள் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. சேரியிலிருந்த பண்ணையாளைக் கேட்டிருந்தால் நிலத்தின் ஆதிவரலாறு வேறு மாதிரி தொடங்கியிருக்கும்.

மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தவ் ஒப்பர்ட் 1893-இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. மெக்கன்சி சுவடியை எடுத்துக்கொண்டார். நீலகிரிக் குறும்பர், ஆடு மேய்க்கும் குருபர், புழல் குறும்பர் எல்லாரையும் பெயர் ஒற்றுமையால் ஓர் இனமாக்கி இந்தியாவின் பூர்வகுடி வரலாற்றுக்குள் நிறுத்தினார். உழைப்பு பெரிது, சுவடிகளைப் பொதுப்பார்வைக்குக் கொண்டுவந்த நன்றியும் அவருக்கு உரியது. முடிவு நிற்காது. ஒலி ஒத்திருந்தால் உறவு என்றால் தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் சொந்தம் ஆகிவிடலாம்.

எதிர்முனையில் இருப்பவர்கள், இவை எல்லாம் காலனிய ஆட்சி தன் வசதிக்கு உருவாக்கிய அறிவு என்று ஒரே வீச்சில் ஒதுக்குகிறார்கள். இந்தப் பேச்சு சில ஆண்டுகளாகக் கருத்தரங்குகளில் நன்றாக விலைபோகிறது. சுந்தரரின் ஒரே பாட்டு அதைக் கவிழ்த்துவிடும். கும்பெனி வருவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் முன்பே தொண்டைமானும் முல்லைக்கொடியும் இந்த ஊரில் இருந்தார்கள். யூஜின் இர்ஷிக் 1994-இல் எழுதிய நூல் இவர்களைவிட நிதானமானது. செங்கல்பட்டின் கடந்தகாலம் வெள்ளை அதிகாரியும் உள்ளூர்க்காரரும் சேர்ந்து பேசி உருவாக்கியது என்கிறார் அவர். 1795-க்குப் பிந்திய அடுக்குக்கு அந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது. அதற்கு முன்னால் என்ன இருந்தது என்ற கேள்விக்கு அவரிடம் போய்ப் பயனில்லை.

ஆகவே என் தீர்ப்பைக் கூறு கூறாகச் சொல்கிறேன். முல்லைவாயிலில் தொண்டைமான் ஒருவனுக்கு இறைவன் வெளிப்பட்டார் என்ற நம்பிக்கை சுந்தரர் காலத்துக்காவது பழையது: ஏற்கிறேன். ஆதொண்டன் குலோத்துங்கன் மகன்: தள்ளுகிறேன். கோட்டங்களைக் குறும்பர் பிரித்தார்கள்: சான்று இல்லை. வேளாளர் குடியேற்றம் ஒரே படையெடுப்பின் விளைவு: 1810-களின் நிலவழக்கில் அப்படிச் சொல்லப்பட்டது என்ற அளவில் முதல்தரச் சான்று, சோழர் காலத்துக்குச் சான்றே அல்ல. புழலில் குறும்பர் என்று ஒரு கூட்டம் கோட்டையோடு இருந்தது: நடந்திருக்கலாம். இந்தக் கடைசிக் கூற்றை மட்டும் தள்ளாமல் நிறுத்தி வைக்கிறேன். ஜெயித்தவர்களின் கதைக்கு எதிரி தேவை என்றாலும், பக்கத்து ஊர்ப் பெயரோடு, பிற மதத்தோடு, இத்தனை குறிப்பாக ஓர் எதிரியை ஒன்றுமில்லாமலிருந்து உண்டாக்க வேண்டிய அவசியம் எனக்குப் புலப்படவில்லை. சோழர் காலத்துக்கு முந்திய ஒரு கல்வெட்டிலோ நடுகல்லிலோ புழலும் குறும்பரும் சேர்ந்து வந்தால் இந்தக் கூற்று ஏற்கும் பக்கம் போகும். புழலை ஒட்டிய செங்குன்றம் ஏரிக்கரையில் பழைய மண்மதில் ஒன்று மட்டும் வெளிப்பட்டால் போதாது; அதைக் கட்டியவர் பெயரை மண் சொல்லாது.