இன்டெலின் மூன்றாவது கார்டு

பிசி உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது இன்டெல் கிராபிக்ஸைத்தான். அலுவலக மேசைகளிலும் கல்லூரி மாணவர்களின் லேப்டாப்களிலும் எழுத்தையும் படத்தையும் வீடியோவையும் திரைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி. அதை யாரும் தேடிப்போய் வாங்குவதில்லை. பிராசசர் வாங்கினால் கூடவே வருகிறது. காசைத் தனியாக எண்ணி வைத்து வாங்கும் கிராபிக்ஸ் கார்டு சந்தையில் நிலைமை தலைகீழ். அங்கே என்விடியா முதலிடம், வெகுதூரம் பின்தங்கி ஏஎம்டி இரண்டாமிடம், இன்டெலின் பங்கு மிகச் சிறியது.

2024 அக்டோபர் கடைசியில் முதலீட்டாளர்களிடம் பேசிய அன்றைய தலைமை நிர்வாகி பாட் கெல்சிங்கர், தனிக் கார்டுகளின் தேவை இனி குறையும், பெரிய உள்ளமைந்த கிராபிக்ஸ் பக்கம் நிறுவனம் திரும்பும் என்ற பொருளில் சொன்னார். ஆறே வாரத்தில் இன்டெலின் ஆர்க் பி580 கார்டு 249 டாலருக்கு விற்பனைக்கு வந்து, பல கடைகளில் வந்த வேகத்தில் தீர்ந்தது. தலைமை ஒன்று சொல்ல, கடைவாசல் வேறொன்று சொன்னது. இரண்டில் எதை நம்புவது என்பதே இன்டெலின் முன் இன்றும் நிற்கும் கேள்வி. ஒரு வருடத்து லாப நட்டத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது, நிறுவனத்தின் கையில் என்ன திறன் மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

உள்ளமைந்த கிராபிக்ஸின் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசசரில்தான் இன்டெல் கிராபிக்ஸை அதே சிலிக்கான் துண்டில் பதித்தது. வீடியோவைச் சுருக்கி மாற்றும் குவிக் சிங்க் என்ற தனிப்பகுதியும் அதோடு வந்தது. வீடியோ எடிட் செய்கிறவர்கள் பலர் இன்றும் அதற்காகவே இன்டெலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மின்சாரச் செலவு குறைவு, சூடு குறைவு, பேட்டரி நீடிக்கும். 2019 முதல் இன்டெல் கிராபிக்ஸ் இல்லாத 'எஃப்' வகை பிராசசர்களையும் சற்றுக் குறைந்த விலையில் விற்கிறது. அதை வாங்கியவரின் கார்டு என்றாவது பழுதானால் கணினி ஓடும், திரை மட்டும் இருட்டாகவே இருக்கும். சாதாரண பிராசசர் என்றால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு கேபிளை மதர்போர்டில் சொருகி அன்றைய வேலையைப் பார்க்கலாம். உள்ளமைந்த கிராபிக்ஸின் அருமை அப்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

அதன் எல்லை எங்கே என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். 1920-க்கு 1080 திரையில் ஒரு படச்சட்டத்தின் அளவு 8 எம்பி சொச்சம். ஆனால் அந்த ஒரு சட்டத்தை வரைய, சுவரின் மேற்பரப்பு, நிழல், வெளிச்சம், எது முன்னால் எது பின்னால் என்ற ஆழக்கணக்கு எல்லாவற்றுக்காகவும் கிராபிக்ஸ் பகுதி நினைவகத்தைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது. இரட்டைச் சானலில் ஓடும் டிடிஆர்5-5600 ரேம் நொடிக்கு 89.6 ஜிபி தரும். நொடிக்கு 60 சட்டங்கள் என்றால், ஒரு சட்டத்துக்கு ஒன்றரை ஜிபி. அதிலும் பிராசசர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பி580 கார்டில் நினைவகத்தின் வேகம் நொடிக்கு 456 ஜிபி. ஒரு சட்டத்துக்கு 7.6 ஜிபி, பங்கு கேட்க வேறு யாரும் இல்லை. கிராபிக்ஸ் பகுதியை எவ்வளவு பெரிதாக்கினாலும், அதற்குத் தீனி போடும் வழி குறுகலாக இருந்தால் பயனில்லை.

வழியை அகலப்படுத்த முடியாதா என்றால், முடியும். 2013-ல் ஹாஸ்வெல் காலத்து ஐரிஸ் புரோவில் 128 எம்பி துணை நினைவகத்தை இன்டெலே ஒட்டிப் பார்த்தது. ஆப்பிள் 2021-ல் எம்1 மேக்ஸில் நொடிக்கு 400 ஜிபியைத் தொட்டது. ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் 256 ஜிபி தருகிறது. எல்லாம் நடக்கும், பணம் செலவழித்தால். ஆனால் கெல்சிங்கர் அதே கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னார்: நினைவகத்தைப் பிராசசரோடு ஒரே பொதியில் வைத்த லூனார் லேக் லாபத்தைக் குறைக்கிறது, அந்த வடிவம் தொடராது. பெரிய உள்ளமைந்த கிராபிக்ஸ் வேண்டுமென்றால் நினைவகத்துக்கு வாரி இறைத்தாக வேண்டும். அந்தச் செலவுக்கு முகம் சுளிக்கும் நிறுவனம், கார்டு தேவையில்லை என்றும் சொல்வது பொருந்தவில்லை.

இனி கார்டின் கதை. இன்டெல் மூன்று முறை தனிக் கார்டுக்கு இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏன் இறங்கியது என்பதைக் கவனித்தால் தோல்வியின் காரணம் தெரியும்.

1998 பிப்ரவரியில் வந்த ஐ740, லாக்ஹீட் மார்ட்டினிலிருந்து பிரிந்த ரியல் த்ரீடி நிறுவனத்தோடு சேர்ந்து உருவானது. அப்போது இன்டெல் ஏஜிபி என்ற புதிய இணைப்பு வழியை மதர்போர்டுகளில் பரப்பிக்கொண்டிருந்தது. அதன் பெருமையைக் காட்ட, மேற்பரப்புப் படங்களைக் கார்டில் வைக்காமல் முழுக்கக் கணினியின் பொது ரேமிலிருந்தே எடுக்கும்படி ஐ740-ஐ வடிவமைத்தார்கள். போட்டிக் கார்டுகள் பக்கத்திலேயே வைத்திருந்த வேகமான நினைவகத்திலிருந்து படங்களை எடுத்தன. இன்டெலின் கார்டு ஒவ்வொன்றுக்கும் ஏஜிபி வழியாகப் பொது ரேமுக்குப் போய் வந்தது. கார்டு மதர்போர்டுக்கு விளம்பரமாக வந்தது, அந்த விளம்பரத்துக்குத் தன் வேகத்தையே விலையாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டே இன்டெல் அந்தச் சந்தையிலிருந்து விலகியது. அந்த வடிவமைப்பின் வாரிசு 810 சிப்செட்டுக்குள் புகுந்து இலட்சக்கணக்கான மலிவு விலைப் பிசிகளில் ஓடியது. 1999-ன் அந்த விலகலை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அன்று மலிவுப் பிசிதான் சந்தை, சிப்செட்தான் அங்கே போகும் வழி.

தவறு அதன் பிறகு நடந்தது. கடும் போட்டி இல்லாத இடத்தில் பத்தாண்டுகள் கிராபிக்ஸ் தூங்கியது. 2006-ல் விண்டோஸ் விஸ்டா வருவதற்கு முன், அதன் புதிய கண்ணாடித் தோற்றத்தை இன்டெலின் 915 சிப்செட் தாங்கவில்லை. இருந்தும் அந்தச் சிப்செட் இருந்த கணினிகள் 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்ற ஸ்டிக்கரோடு விற்பனையாயின. பின்னர் அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியான மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள், இன்டெலின் விற்பனை பாதிக்காமலிருக்க விதி தளர்த்தப்பட்டதைக் காட்டின. வாங்கியவருக்கு ஸ்டிக்கர் கிடைத்தது, அது சொன்ன தோற்றம் கிடைக்கவில்லை. தனிக் கார்டு சந்தையில் இப்படி ஒரு பொருள் ஒரு பருவம்கூடத் தாங்கியிருக்காது. பிராசசரோடு சேர்ந்து வந்ததால் தப்பித்தது.

இரண்டாவது முயற்சி லாராபீ. 2008-ல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தபோது கணினித் துறையே பரபரத்தது. பல சிறிய எக்ஸ்86 மையங்களை வரிசையாக அடுக்கி, கார்டுகளில் வன்பொருள் செய்யும் வேலைகளில் பெரும்பகுதியை மென்பொருளாலேயே செய்துவிடலாம் என்பது யோசனை. சிந்தனையின் துணிச்சலை மறுக்க முடியாது. ஆனால் இதுவும் பிராசசர் நிறுவனத்தின் கண்ணோட்டம்தான். தனக்குத் தெரிந்த எக்ஸ்86-ஐ வைத்தே கிராபிக்ஸையும் செய்துவிடலாம் என்று நம்பியது. 2009 டிசம்பரில் கடைக்கு வராமலே நிறுத்தப்பட்டது. அந்த வடிவமைப்பை நிறுத்தியது சரி. அதோடு கார்டு என்ற எண்ணத்தையே அடுத்த எட்டாண்டு மூட்டை கட்டியது பெரும் இழப்பு. என்விடியா ஆட்டக் கார்டுகளில் பழகிய சிப்பையும் மென்பொருளையும் கொண்டு செயற்கை நுண்ணறிவுச் சந்தையில் வேரூன்றியது அதே எட்டாண்டுகளில்தான்.

மூன்றாவது, 2017 நவம்பரில் ஏஎம்டியின் கிராபிக்ஸ் பிரிவுத் தலைவராக இருந்த ராஜா கோடுரி வந்த பின் தொடங்கி, 2022 அக்டோபரில் ஏ770, ஏ750 என்று கடைக்கு வந்த ஆர்க். இன்டெல் கார்டைக் கார்டாகவே வடிவமைத்தது இதில்தான். சொந்த நினைவகம், ஒளிக்கதிர்க் கணக்குக்குத் தனிப்பகுதி, ஏவி1 வீடியோவைப் பதிவுசெய்யும் வசதி எல்லாம் இருந்தன. வந்தபோது டிரைவர் படுமோசம். பழைய டைரக்ட்எக்ஸ் 9 ஆட்டங்களை நேரடியாக ஓட்டாமல், டைரக்ட்எக்ஸ் 12-ஆக மாற்றித் தரும் ஒரு அடுக்கின் வழியாக ஓட்டியதால், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற எளிய ஆட்டங்கள்கூடத் தள்ளாடின. இன்டெல் ஓடிப்போகவில்லை. அந்த டிசம்பரிலிருந்தே புதுப்பிப்புகள் மாதாமாதம் வந்தன, பழைய ஆட்டங்களின் வேகம் கண்கூடாக உயர்ந்தது. அடுத்த தலைமுறையான பி580, 20 மையங்களை மட்டும் வைத்துக்கொண்டு 32 மையங்கள் இருந்த ஏ770-ஐப் பொதுவாக முந்தியது. போட்டிக் கார்டான என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 299 டாலருக்கு 8 ஜிபி தந்தபோது, பி580 249 டாலருக்கு 12 ஜிபி தந்தது. கையில் காசு குறைவாக உள்ள மாணவருக்கு இது பெரிய வித்தியாசம்.

எதிர்வாதம் வலுவானது, அதை மழுப்பக் கூடாது. பி580-யின் சிலிக்கான் பரப்பு 272 சதுர மில்லிமீட்டர், ஆர்டிஎக்ஸ் 4060-உடையது 159. ஏறக்குறைய ஒரே தலைமுறைத் தொழில்நுட்பத்தில் இரண்டையும் செய்து தருவது டிஎஸ்எம்சி. ஆக, போட்டியாளரைவிட ஒன்றேமுக்கால் பங்கு சிலிக்கானைக் காசு கொடுத்து வாங்கி, ஐம்பது டாலர் குறைத்து விற்றது இன்டெல். சூப்பர்கணினிச் சிப்புகளையும் உள்ளடக்கிய அதன் கிராபிக்ஸ் பிரிவு 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் நூறு கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. கீழ்நிலைக் கார்டுகளின் சந்தையை உள்ளமைந்த கிராபிக்ஸ் ஏற்கெனவே விழுங்கிவிட்டது. 2026 தொடக்கத்தில் வந்த பேந்தர் லேக் லேப்டாப் சிப்பில் 12 கிராபிக்ஸ் மையங்கள், பி580 கார்டில் இருப்பதில் பாதிக்கும் மேல். அந்தப் புதிய வடிவமைப்பு கார்டு எதுவும் வராமலே லேப்டாப்பில் இறங்கிவிட்டது. அதற்கு முந்தையதும் லூனார் லேக்கில்தான் முதலில் வந்தது, கார்டு பிறகுதான் வந்தது. கார்டு இல்லாமலே உள்ளமைந்த கிராபிக்ஸ் வளர்கிறதே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி.

என் பதில் இது. சிலிக்கான் முன்பே வந்திருக்கலாம், அதை ஓட்டும் டிரைவரைத் திருத்தியது கார்டு வாங்கியவர்களின் புகார்கள். 2024-ல் இன்டெலின் மீட்டியார் லேக் சிப்பை வைத்து வந்த எம்எஸ்ஐ கிளா என்ற கையடக்க ஆட்டக்கருவி, ஏஎம்டி சிப் வைத்த போட்டிக் கருவிகளுக்கு முன் நிற்க முடியாமல் திணறியது. அடுத்த ஆண்டு லூனார் லேக்கோடு வந்த கிளா நல்ல பெயர் வாங்கியது. அதில் சிப்பின் பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து ஓடவைத்த உழைப்பின் பங்கும் உண்டு. லேப்டாப்பில் ஆட்டம் ஓடவில்லை என்றால், இது லேப்டாப்தானே என்று வாங்கியவர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார். 250 டாலர் கொடுத்துக் கார்டு வாங்கியவர் விடுவதில்லை. அந்த நெருக்கடி இல்லாதபோது இன்டெலின் கிராபிக்ஸ் என்ன ஆகும் என்பதற்கு விஸ்டா காலமே சாட்சி.

ஏஎம்டியின் கணக்கையும் பார்க்கலாம். 2006-ல் 540 கோடி டாலருக்குக் கிராபிக்ஸ் நிறுவனமான ஏடிஐ-யை வாங்கி, அந்தச் சுமையில் பல ஆண்டுகள் மூச்சுத் திணறியது. ஆனால் கார்டையும் பிராசசரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்ததால்தான் 2013-ல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டின் சிப்பும் அதன் கைக்கு வந்தன. பின்னர் ஒரே ஆர்டிஎன்ஏ 2 வடிவமைப்பு கார்டிலும் கன்சோலிலும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியிலும் ஓடியது. கார்டுக்காகச் செலவழித்தது மூன்று இடங்களில் காசாகத் திரும்பியது.

2025 செப்டம்பரில் என்விடியா இன்டெலில் 500 கோடி டாலர் முதலீடு அறிவித்து, இன்டெல் பிராசசரோடு தன் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் துண்டை ஒட்டித் தரவும் ஒப்புக்கொண்டது. இனி சொந்தக் கார்டு எதற்கு என்ற குரல் இதனால் பலமாகியிருக்கிறது. இன்டெலின் வரலாற்றிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2018-ல் கேபி லேக்-ஜி என்ற பிராசசரில் ஏஎம்டியின் ரேடியான் கிராபிக்ஸை ஒட்டி விற்றது. அடுத்த ஆண்டே அதை நிறுத்துவதாக அறிவித்தது. வாங்கியவர்கள் புது டிரைவருக்கு இன்டெலைக் கேட்பதா ஏஎம்டியைக் கேட்பதா என்று தவித்தார்கள். இரவல் கிராபிக்ஸ் ஒரு பொருளுக்கு உதவும், ஒரு நிறுவனத்தின் திறனுக்கு ஈடாகாது.

ஆகவே என் தீர்ப்பு: முதலீட்டின் பெரும்பங்கு உள்ளமைந்த கிராபிக்ஸுக்கே போகட்டும், அதன் வாடிக்கையாளர்கள்தான் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதோடு தலைமுறைக்கு ஒன்றாவது, 200 முதல் 300 டாலருக்குள், தாராளமான நினைவகத்தோடு ஒரு தனிக் கார்டை இன்டெல் விடாமல் கொண்டுவர வேண்டும். என்விடியாவின் உச்சிக் கார்டுகளைத் துரத்தத் தேவையில்லை. பரப்புக்கேற்ற வேகம் என்ற கணக்கில் முன்னேற்றம் இருக்கிறதா என்பதே அளவுகோல். ஏ770-யின் 406 சதுர மில்லிமீட்டரிலிருந்து பி580-யின் 272-க்கு வந்து, வேகமும் கூடியிருக்கிறது. புதிய உற்பத்தி முறையின் பங்கைக் கழித்தாலும் அது உண்மையான முன்னேற்றம். அடுத்த இரண்டு தலைமுறைகளில் என்விடியாவோடு உள்ள பரப்பு இடைவெளி சுருங்காமல் அப்படியே நின்றால், நிறுத்தச் சொல்கிறவர்கள் பக்கம் நானும் சேர்வேன்.

இப்போதே நிறுத்துவதற்குச் செலவையும் காரணமாகக் காட்ட முடியாது. 2025 அக்டோபரில் கிரசென்ட் ஐலண்ட் என்ற தரவு மையச் சிப்பை இன்டெல் அறிவித்தது. 160 ஜிபி நினைவகம், லேப்டாப் கிராபிக்ஸின் அடுத்த படியான எக்ஸ்இ3பி வடிவமைப்பு. லேப்டாப்புக்கும் தரவு மையத்துக்கும் ஒரே வடிவமைப்பை எப்படியும் செய்யப்போகிறார்கள், டிரைவர் குழுவுக்கும் எப்படியும் சம்பளம் போகிறது. நடுவில் இருக்கும் 250 டாலர் வாடிக்கையாளரை மட்டும் விட்டுவிட்டு மிச்சமாகும் பணம் எவ்வளவு என்பதை இன்டெலின் இன்றைய தலைமை முதலீட்டாளர்களிடம் விளக்கட்டும்.