பொறுத்திருந்து வாசித்தவர்

ஜாஸ் பியானோ கலைஞர் அஹ்மத் ஜமாலின் 'பாயின்சியானா'வை முதன்முதலாகக் கேட்கிறவர் பியானோவைத் தேட வேண்டியிருக்கும். காதை நிறைப்பது டிரம்ஸும் பேஸும்தான். வெர்னல் ஃபோர்னியர் ஒரு கையில் பஞ்சுத்தலைக் குச்சியைப் பிடித்து டாம்-டாமில் ஒரு நடையைப் போடுகிறார். மறு கையிலிருக்கும் சாதாரணக் குச்சி சிம்பலின் நடுக்குமிழில் விழுகிறது. கால் தன்பாட்டுக்கு ஹை-ஹாட்டை மிதிக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதாகத்தான் தோன்றும். அதற்கு அடியில் இஸ்ரேல் கிராஸ்பியின் பேஸ் ஒரு சிறு சொற்கட்டை அலுப்பில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. குழுவுக்குப் பெயர் தந்தவரோ மேல் ஸ்தாயியில் சில சுரங்களைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். அடுத்தது எப்போது வரும் என்று நாம் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பையும் அவர்தான் அளந்து வைத்திருக்கிறார்.

ஜமால் 2023 ஏப்ரல் 16-ஆம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆஷ்லி ஃபால்ஸ் என்ற சிற்றூரில் காலமானார். வயது 92. அஞ்சலிக் குறிப்புகள் எல்லாவற்றிலும் 'பாயின்சியானா' இருந்தது, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இருந்தார், 'மௌனத்தின் கலைஞர்' என்ற பட்டமும் இருந்தது. முதலிரண்டில் குறையில்லை. மூன்றாவது பாதி உண்மைதான். அந்த மௌனம் எப்படி உண்டானது, அதில் யாருக்கெல்லாம் பங்கு என்று பார்க்காமல் பட்டத்தை மட்டும் சூட்டிவிட்டால் கிராஸ்பிக்கும் ஃபோர்னியருக்கும் அநியாயம் செய்தவர்களாவோம்.

'பாயின்சியானா'வின் பதிவு நடந்தது 1958 ஜனவரி 16 அன்று. சிகாகோவின் தென்பகுதியில், 64-ஆம் தெருவும் காட்டேஜ் குரோவும் சந்திக்கும் முனையில் பெர்ஷிங் ஹோட்டல் இருந்தது. அதன் லவுஞ்சில் வாசிப்பது ஜமால் குழுவுக்கு அன்றாட வேலை. செஸ் நிறுவனத்தின் ஜாஸ் பிரிவான ஆர்கோ அங்கேயே ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கியது. நாற்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகள் பதிவாயின. இசைத்தட்டுக்குப் போனவை எட்டே எட்டு. அவற்றில் ஏழு நாலரை நிமிடத்தைத் தாண்டாதவை. 'பாயின்சியானா' மட்டும் எட்டு நிமிடம் ஓடும். பாட்டில்லாத இந்த ஜாஸ் தட்டு பில்போர்டின் விற்பனைப் பட்டியலில் நூறு வாரங்களுக்கு மேல் நின்றது. பெரும் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர்களுக்கே எளிதில் வாய்க்காத ஒன்று இது.

தட்டை ஒலிகூட்டி வைத்துக் கேட்டால் லவுஞ்சின் சத்தமும் சேர்ந்தே வரும். பேச்சுக் குரல்கள், கண்ணாடிக் கோப்பைகள், நடுவில் யாரோ உற்சாகமாகக் குரல் கொடுப்பது. குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் கூட்டத்துக்கு நடுவே வாசிக்கிறவர்கள் பொதுவாகச் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஜமால் குறைத்தார். கேட்க வேண்டுமானால் அவர்கள்தான் பேச்சை நிறுத்த வேண்டும். திடீரென்று இரண்டு கைகளையும் அகல விரித்து ஒரு பெரிய கார்டை இறக்குவார். அரங்கம் திரும்பிப் பார்க்கும்போது மறுபடி ஒற்றை விரலுக்கு வந்திருப்பார். மென்மையாக வாசிக்கப் பலருக்குத் தெரியும். மென்மையிலிருந்து முழக்கத்துக்கும் முழக்கத்திலிருந்து மென்மைக்கும் ஒரே மூச்சில் போய்வர, அதுவும் மூன்று பேரும் ஒன்றாகப் போய்வர, அபாரமான பயிற்சி வேண்டும். அடுத்து பாட்டின் எந்தப் பகுதிக்குப் போகிறோம் என்பதை ஜமால் கைச்சைகையால் காட்டிவிடுவார். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே உருப்படியின் வடிவத்தை நீட்டவும் மடிக்கவும் அந்தச் சைகைகள் போதுமானவையாக இருந்தன.

அன்றைய விமர்சகர்கள் சிலர் இதை மதுவிடுதிப் பின்னணி இசை என்று ஒதுக்கினார்கள். வேகமும் சுரக்குவியலும்தான் வித்வத்துக்கு அடையாளம் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதே தட்டில் 'மியூசிக்! மியூசிக்! மியூசிக்!' என்றொரு உருப்படி இருக்கிறது. 1950-இல் தெரசா புரூவர் பாடிப் பிரபலமான, காசு போட்டால் பாடும் பெட்டிகளுக்கென்றே செய்ததுபோன்ற துள்ளல் பாட்டு. அதை எடுத்து, மெட்டைத் துண்டுதுண்டாக்கி, துண்டுகளுக்கு இடையில் பேஸையும் டிரம்ஸையும் பேசவிட்டு, மூன்று நிமிடத்துக்குள் முழுமையான ஒரு கட்டடத்தை எழுப்பிவிடுகிறார். மெட்டு நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று நம்பி, பாதியை நம் மனத்திலேயே ஓடவிடுகிறார். கேட்பவர்மேல் இத்தனை மரியாதை வைத்த கலைஞரைப் பின்னணிக்காரர் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

மைல்ஸ் டேவிஸுக்கு அந்தக் குழப்பம் இல்லை. சிகாகோவிலிருந்த சகோதரி சொல்லித்தான் அவர் ஜமாலைக் கேட்கப் போனார். அப்புறம் தன் பியானோ கலைஞர் ரெட் கார்லண்டிடம் ஜமாலைப் போல வாசிக்கச் சொன்னார். 'அஹ்மத்ஸ் புளூஸ்' மைல்ஸின் 'வொர்க்கின்' தட்டில் கார்லண்டின் கையில் இருக்கிறது. ஜமால் இயற்றிய 'நியூ ரூம்பா'வை 1957-இன் 'மைல்ஸ் அஹெட்' தட்டுக்காக கில் எவன்ஸ் பெரிய குழுவுக்கு விரித்து எழுதினார். மூன்று பேருக்கான உருப்படி அத்தனை ஊதுகருவிகளுக்குப் போயும் அதன் இடைவெளிகள் அப்படியே இருக்கின்றன. கை விட்டுப்போகும் இடங்களையும் ஜமால் இயற்றியே வைத்திருந்தார் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். மைல்ஸின் டிரம்பெட் வரிகள் ஐம்பதுகளின் நடுவில் மெலிந்து, மூச்சுவிடத் தொடங்கியதில் ஜமாலின் பங்கு பெரியது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? பிட்ஸ்பர்க்கிலிருந்து என்று ஓரளவு சொல்லலாம். 1930 ஜூலை 2-இல் அந்த எஃகு நகரத்தில் பிறந்தபோது அவர் பெயர் ஃபிரெடரிக் ரஸ்ஸல் ஜோன்ஸ். மூன்று வயதில் மாமா வாசித்ததைத் திருப்பி வாசித்துக் காட்டினார் என்பது குடும்பக் கதை. மேரி கார்ட்வெல் டாசனிடம் முறையாகப் படித்தார். கறுப்பினப் பாடகர்களுக்கு அமெரிக்க ஓபரா மேடைகள் கதவைத் திறக்காத காலத்தில் அவர்களுக்கென்றே ஓர் ஓபராக் குழுவைத் தொடங்கிய பெண்மணி அவர். வெஸ்டிங்ஹவுஸ் உயர்நிலைப் பள்ளியில் ஜமாலுக்கு முன்னால் படித்தவர் பியானோ கலைஞர் எரால் கார்னர். எலிங்டனோடு இணைந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்னும் அங்கே படித்தவர்தான். சிறுவனாக ஸ்ட்ரேஹார்ன் குடும்பத்துக்குப் பத்திரிகை போட்டதாக ஜமால் சொல்லியிருக்கிறார். ஒருபுறம் லிஸ்ட், மறுபுறம் எலிங்டன் என்று இரண்டும் அந்த ஊரில் ஒரே பையனுக்குக் கிடைத்தன. ஐம்பதுகளின் தொடக்கத்தில் சிகாகோவில் இஸ்லாத்தைத் தழுவிப் பெயரை மாற்றிக்கொண்டார். பிறகு அதே நகரத்தில் அவர் திறந்த அல்ஹாம்ப்ரா என்ற உணவகத்தில் மது கிடையாது. ஜாஸ் விடுதி ஒன்று மது விற்காமல் நடப்பது கடினம், அது நீடிக்கவில்லை.

அவருடைய முதல் குழுவில் டிரம்ஸே இல்லை. பியானோ, பேஸ், ரே கிராஃபோர்டின் கிதார். கிராஃபோர்டு கிதாரை விரலால் தட்டி பாங்கோ போல ஒலிக்கச் செய்வார். தாளம் கொட்ட ஆளில்லாதபோது தாளத்தை எல்லாரும் உள்ளே வைத்திருக்க வேண்டும். கையை எடுத்தாலும் ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கை ஜமாலுக்கு அங்கேதான் ஊறியிருக்க வேண்டும். ஐம்பதுகளின் பிற்பாதியில் கிதாரின் இடத்துக்கு டிரம்ஸ் வந்தது. நியூ ஆர்லியன்ஸ்காரரான ஃபோர்னியர், ஊர்வல வாத்தியக் குழுக்களின் நடையைக் கையோடு கொண்டுவந்தார். அந்த ஊர் டிரம்ஸ் கலைஞர்களை ஜமால் மறக்கவே இல்லை. பின்னாளில் ஹெர்லின் ரைலி, இத்ரிஸ் முகம்மது என்று அங்கிருந்தே ஆள் சேர்த்துக்கொண்டார்.

கிராஸ்பியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். ஜமாலைவிட பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பதின்வயதிலேயே ஜீன் குரூபாவோடு பதிவு செய்தவர், ஃப்ளெட்சர் ஹெண்டர்சனோடு வாசித்தவர். பெர்ஷிங் தட்டிலுள்ள 'பட் நாட் ஃபார் மீ'யைக் கேளுங்கள். பியானோ விட்ட இடத்தில் பேஸ் வெறும் தாளம் போடுவதில்லை. ஒரு பதில் சொல்கிறது, அதுவும் மெட்டாகச் சொல்கிறது. ஜமால் கையை எடுக்கும்போது நாம் கேட்பது வெறுமையை அல்ல, கிராஸ்பியை. அத்தனை நம்பகமான ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் அந்தக் கார்வைகள் அவ்வளவு நீளமாக இருக்க முடிந்தது.

1962-இல் குழு கலைந்தது. கிராஸ்பி அந்த ஆகஸ்டிலேயே மாரடைப்பில் இறந்தார். நாற்பத்து மூன்று வயதுதான். அதற்குப் பிந்திய ஜமாலின் கை வேறு கை. சுரங்கள் பெருகின, இடக்கை கனத்தது, மேலிருந்து கீழ்வரை பியானோவை உருட்டி எடுக்கும் ஓட்டங்கள் வந்தன. மௌனத்தின் கலைஞர் என்ற பட்டம் இந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது. இதைச் சரிவு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விட்டுக்கொடுக்க முன்பிருந்த ஆள் இல்லை, ஆகவே இரண்டு பங்கையும் தானே வாசித்தார் என்றுதான் எனக்குக் கேட்கிறது. திடீர்த் திருப்பங்களும் சட்டென்ற நிறுத்தங்களும் அப்போதும் அவரைவிட்டுப் போகவில்லை.

ஜமீல் நாசரும் ஃபிராங்க் காண்டும் உடன் வாசித்த 1970-இன் 'தி அவேக்கனிங்' இந்த இரண்டாம் ஜமாலின் உச்சம். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அதிலிருக்கும் 'ஐ லவ் மியூசிக்'கிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஹிப்ஹாப் தயாரிப்பாளர் பீட் ராக், நாஸின் 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டுக்கு அடித்தளமாக்கினார். ஜமாலின் 'ஸ்வாஹிலிலேண்ட்' இதேபோல டி லா சோலின் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை'க்குப் போனது. ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் ஏன் அவரிடமே திரும்பத் திரும்பப் போனார்கள் என்பதில் மர்மம் இல்லை. ஒரு சிறு சொற்கட்டைச் சுழலவிட்டு அதன்மேல் இடம் காலியாக வைப்பது ஜமாலின் பழைய வழக்கம். அந்தக் காலியிடத்தில் இப்போது பேச்சு வந்து உட்கார்ந்தது.

2019-இல் வெளியான 'பல்லாட்ஸ்' பெரும்பாலும் தனிப் பியானோ. தொண்ணூறை நெருங்கும் விரல்கள்; அவசரம் துளியும் இல்லை. 2022 கடைசியில், அவர் இருக்கும்போதே, அறுபதுகளில் சியாட்டிலின் பென்ட்ஹவுஸ் விடுதியில் வானொலிக்காகப் பதிவான கச்சேரிகள் 'எமரால்ட் சிட்டி நைட்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தன. ஜமாலைப் புதிதாகக் கேட்க வருகிறவர்களிடம் நான் இந்தக் கச்சேரிகளைத்தான் முதலில் கொடுப்பேன். முதலில் அவர் எவ்வளவு வாசிக்கக்கூடியவர் என்று காது தெரிந்துகொள்ளட்டும். பெர்ஷிங் லவுஞ்சுக்கு அதற்குப் பிறகு போகலாம்.