200 வாட் என்று போட்டிருக்கிறார்களே, அது யாருக்கு? இரட்டை பேட்டரி வேப் பற்றி ஒரு கணக்கு

பேட்டரி சம்பந்தப்பட்ட எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் மேலே அச்சடித்த எண்ணை முதலில் நம்பாமல் இருப்பது என் பழக்கம். பவர் பேங்க்கோ இன்வெர்ட்டரோ எமர்ஜென்சி லைட்டோ, எல்லாவற்றிலும் பெட்டி ஒன்று சொல்லும், உள்ளே இருக்கிற செல் வேறொன்று சொல்லும். இந்தப் பதிவு வேப் பற்றி, அதாவது மின் சிகரெட் பற்றி. நான் புகை பிடிப்பவன் இல்லை. அதனால் ருசி, மணம் எல்லாம் எனக்குத் தெரியாது. யூடியூபில் அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுகிற பகுதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

விஷயம் இதுதான். என் சித்தப்பா மகன் ஒருவன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அமீரகத்தில் 2019-லிருந்து இது சட்டப்படி விற்பனையாகிறது. சிகரெட்டை விட வேண்டும் என்று ஒரு இரட்டை பேட்டரி வேப் வாங்கியிருந்தான். வேலை விஷயமாக அங்கே போனபோது இரண்டு நாள் அவன் அறையில் தங்கினேன். மேசையில் செங்கல் துண்டு மாதிரி கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிளம்புகிற அன்று அவன் கேட்டான்: "அண்ணே, லீவுக்கு வரும்போ இதையும் எடுத்துட்டு வரலாம்னு நெனைக்கேன். நம்ம ஊர்ல டெய்லி யூஸுக்கு இது ஆகுமா?"

நம்ம ஊர் என்றால் வட்டக்கோட்டைப் பக்கம். கன்னியாகுமரியிலிருந்து கிழக்கே ஆறேழு கிலோமீட்டர், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற கருங்கல் கோட்டை. அவன் கேள்விக்கு ஆகும், ஆகாது என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே எதிர்பார்க்காத சில விஷயங்கள் வந்தன.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அடியில் இரண்டு லித்தியம் அயன் செல், 18650 என்ற அளவு. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவம் என்பதைச் சொல்கிறது. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் வரிசையாக இருக்குமே, அதே செல்தான். முழு சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.6 வோல்ட். அதற்கு மேல் ஒரு சர்க்யூட் போர்டு. அதற்கும் மேல் சின்னத் தொட்டி, அதற்குள் கம்பிச் சுருளும் அதைச் சுற்றிப் பஞ்சும். பஞ்சு திரவத்தை உறிஞ்சுகிறது, கம்பி சூடாகிறது, திரவம் ஆவியாகிறது. திரவம் என்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, நிக்கோட்டின். சுருக்கமாகச் சொன்னால் ஹீட்டர் காயிலுக்கு ஒரு பேட்டரி. மண்ணெண்ணெய் விளக்கின் திரியும் வாட்டர் ஹீட்டரும் கலந்த ஒன்று.

சரி, எண்ணுக்கு வருவோம். பெட்டியில் 200 வாட் என்று போட்டிருந்தது. (கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இந்த வகையில் வருகிற பெரும்பாலான பெட்டிகளில் 200, 220 என்றுதான் இருக்கும்.) சர்க்யூட் 90 சதவீதத் திறனோடு வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 200 வாட் காயிலுக்குப் போக வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து 222 வாட் எடுக்க வேண்டும். பேட்டரி பாதிக்கு மேல் இறங்கிய நிலையில், இவ்வளவு சுமையில், ஒரு செல் 3.2 வோல்ட் தந்தால் நல்லது. அப்படியானால் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 35 ஆம்பியர் தர வேண்டும். சாம்சங் 30க்யூ என்கிற 3000 எம்ஏஎச் செல்லின் தொடர் மின்னோட்ட வரம்பு 15 ஆம்பியர். அதே கம்பெனியின் 25ஆர், 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர். கொள்ளளவு கூடினால் ஆம்பியர் குறையும், ஆம்பியர் கூடினால் கொள்ளளவு குறையும். இந்த அளவு செல்லில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

20 ஆம்பியர் செல் இரண்டைப் போட்டால், அந்த நிலையில் கணக்குப்படி காயிலுக்குப் போய்ச் சேரக்கூடியது 115 வாட். பெட்டியில் இருக்கிற 200 என்பது சர்க்யூட் போர்டின் திறன், உள்ளே போடுகிற செல்லின் திறன் அல்ல. கார் ஸ்பீடோமீட்டரில் 220 வரை எண் இருக்கிறது என்பதற்காக நாகர்கோவில் வடசேரிச் சாலையில் 220-ல் போக முடியுமா? ஆனால் காரில் முடியாவிட்டால் முடியாது, அவ்வளவுதான். இதில் பட்டனை அழுத்தினால் அது முயற்சி செய்யும். செல் சூடேறும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு செல் என்பது வெறும் விளம்பரம் இல்லை. இவன் பயன்படுத்துவது 60 வாட்டில். ஒற்றைச் செல் சாதனத்தில் அதே 60 வாட் எடுத்தால் செல்லுக்கு 21 ஆம்பியர், வரம்பையே தாண்டுகிறது. இரண்டு செல்லில் ஆளுக்குப் பத்தரை ஆம்பியர்தான். நிம்மதியான எண். தொடர் இணைப்பா பக்க இணைப்பா என்று பலர் சண்டை போடுகிறார்கள். சர்க்யூட் போர்டு மின்சக்தியைக் கட்டுப்படுத்துகிற சாதனத்தில் எப்படி இணைத்தாலும் ஒரு செல்லின் சுமை கிட்டத்தட்ட ஒன்றுதான். இணைப்பு மாறினால் ஆபத்தின் வகைதான் மாறும். தொடர் இணைப்பில் பலவீனமான செல் முதலில் வற்றிப்போய், மற்றது அதை மேலும் இழுக்கும். பக்க இணைப்பில் ஒன்று நிறைந்தும் ஒன்று காலியாகவும் போட்டால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் பாயும். அதிலேயே ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் நேரடி ஷார்ட். அதனால்தான் இரண்டு செல்லையும் ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் போட்டு, ஒன்றாகவே கழித்துக்கட்டச் சொல்கிறார்கள்.

இப்போது "நாள் முழுக்க வரும்" என்ற வாதம். ரிவியூ செய்கிற எல்லோரும் இரட்டை பேட்டரிக்குச் சொல்கிற முதல் பெருமை இது. 3000 எம்ஏஎச் செல் இரண்டு என்றால் 21.6 வாட் மணி, அதாவது சுமார் 77,800 ஜூல். அதில் 85 சதவீதம் பயன்படும் என்று வைத்தால் 66,000. 60 வாட்டில் 3 விநாடி இழுப்பு ஒன்றுக்கு, சர்க்யூட் இழப்பும் சேர்த்து, 200 ஜூல். ஆக 330 இழுப்பு. நல்லதுதானே என்று தோன்றும். அடுத்து, விரல் நீளத்தில் வருகிற பாட் வகையைப் பார்ப்போம். அதில் 1000 எம்ஏஎச் பேட்டரி, 12 வாட். இழுப்புக்கு 40 ஜூல். அதே 85 சதவீதக் கணக்கில் 280 இழுப்பு!

ஆறு மடங்கு பேட்டரி, ஆனால் கூடுதலாகக் கிடைப்பது 50 இழுப்பு. இரண்டாவது பேட்டரி இவனுக்காக உழைக்கவில்லை, 60 வாட்டின் பசிக்காக உழைக்கிறது. திரவமும் அதே கதிதான். அதிக வாட்டில் பல மடங்கு ஆவியாகும். அதனால்தான் பெரிய சாதனத்துக்கு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் போன்ற குறைந்த நிக்கோட்டின் திரவமும், சின்னப் பாடுக்கு 20 மில்லிகிராம் திரவமும் விற்கிறார்கள். (பிரிட்டனில் சட்டப்படி உச்ச வரம்பே 20.) நிக்கோட்டின் அளவில் பார்த்தால் இரண்டும் ஒரே ஊருக்குத்தான் போகின்றன. ஒன்று சைக்கிளில், இன்னொன்று லாரியில். மேகம் மாதிரி புகை விட்டுக் காட்டுவதுதான் நோக்கமென்றால் லாரி தேவை. சிகரெட்டை விட நினைப்பவனுக்கு எதற்கு? வட்டக்கோட்டை மேல்தளத்தில் ஆடி மாதக் காற்றில் நின்று அந்த மேகத்தை விட்டால் வாயை விட்டு வெளியே வரும் முன்னே போய்விடும், அது வேறு கதை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை வைத்து முப்பந்தலில் ஊருக்கே கரண்ட் எடுக்கிறார்கள்.

காற்று என்றதும் அதிலிருக்கிற உப்பு. கடற்கரையில் வீடு வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், ஜன்னல் கம்பியிலிருந்து சுவிட்ச் போர்டு ஸ்க்ரூ வரை என்ன ஆகிறது என்று. இந்தச் சாதனத்தில் செல் உட்காருகிற இடத்தில் ஸ்ப்ரிங் தொடுமுனைகள் இருக்கின்றன. அதில் உப்பும் ஈரமும் படிந்து 0.05 ஓம் தடை ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சில் அரை ஆம்பியர் ஓடும்போது அது ஒன்றுமே இல்லை, 12 மில்லிவாட். இங்கே பத்து ஆம்பியர் ஓடுகிறது. மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை, 5 வாட் சூடு. ஒரு சின்ன ஸ்ப்ரிங் முனையில், லித்தியம் செல்லை ஒட்டி, பேன்ட் பைக்குள். ஷார்ஜாவும் கடலோரம்தான். ஆனால் அங்கே இவன் நாள் முழுக்க ஏசி அறையில் இருக்கிறான், இங்கே வந்தால் திண்ணையில்தான் உட்காருவான்.

18650 செல்லைப் பற்றி இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. டப்பா முழுக்க மைனஸ். மேல்முனை மட்டும் ப்ளஸ். இரண்டையும் பிரிப்பது ஒரு சின்ன வளையமும், தாள் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையும்தான். மேலோரத்தில் உறை கிழிந்தால், அல்லது உதிரி செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போட்டால், ஷார்ட். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அந்த நாட்டில் மின் சிகரெட் தீப்பிடித்த, வெடித்த 195 சம்பவங்களைத் தொகுத்திருந்தார்கள். அதில் 61 சம்பவங்கள் சாதனமோ உதிரி பேட்டரியோ பையில் இருக்கும்போது நடந்தவை. வாயில் இருந்தபோது அல்ல, சும்மா பையில் இருந்தபோது. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிற நாட்டில் 195 என்பது பெரிய எண் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செல் தயாரிக்கிற பெரிய கம்பெனிகளே, இவை பாதுகாப்பு சர்க்யூட்டோடு கூடிய பேட்டரி பேக்குக்காகச் செய்யப்பட்டவை, தனியாக எடுத்து வேப்பில் போட அல்ல என்று எச்சரிக்கின்றன. ரிவியூக்களில் இந்த வரியை நான் பார்த்ததே இல்லை. கலர் ஸ்க்ரீனுக்கு ஐந்து நிமிடம், பிடிக்கிற கைக்கு எவ்வளவு சுகம் என்பதற்கு மூன்று நிமிடம், செல்லுக்கு "பேட்டரி தனியாக வாங்கிக்கொள்ளவும்" என்று ஒரு வரி.

உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வியில் நான் டாக்டர் வேஷம் போட மாட்டேன். சிகரெட்டை விடுவதற்கு நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம்மை விட நிக்கோட்டின் வேப் கூடுதலாக உதவுகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. பிரிட்டனில் அரசு மருத்துவத் துறையே புகைப்பவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறது, புகைக்காதவர்கள் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. இன்னொரு பக்கம், 2019-20-ல் அமெரிக்காவில் வேப் சம்பந்தமான நுரையீரல் பாதிப்பில் 2,807 பேர் பாதிக்கப்பட்டு 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துள்ள கள்ளச்சந்தைத் திரவம், அதில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட். எங்கே செய்தது என்று தெரியாத திரவத்தை உள்ளே இழுப்பதுதான் அங்கே ஆளைக் கொன்றது.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். தமிழ்நாடு 2018-லேயே மின் சிகரெட்டைத் தடை செய்துவிட்டது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18-ல் அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நிக்கோட்டின் இல்லாத திரவம்தானே என்று தப்பிக்கவும் முடியாது. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றே சட்டத்தில் இருக்கிறது. பெட்டிக்கடையில் பீடியும் சிகரெட்டும் தொங்க, இதை மட்டும் தடுப்பது என்ன தர்க்கம் என்று எனக்கும் கேள்வி உண்டு. பதினைந்து வயது தாண்டியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாக 2016-17 கணக்கெடுப்பு சொன்ன நாடு இது. பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் பீடி சுற்றி அடுப்பு எரிகிறது என்பதும் தெரியும். ஆனால் தடையின் நியாயம் எப்படி இருந்தாலும், அதன் விளைவு நடைமுறையில் ஒன்றுதான். காயிலை ஒன்றிரண்டு வாரத்தில் மாற்ற வேண்டும். திரவம் தீர்ந்துகொண்டே இருக்கும். இரண்டையும் இங்கே நேர்வழியில் வாங்க இடமில்லை. குறுக்குவழியில் கிடைப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. காயில் மாற்றாமல் பஞ்சு காய்ந்த நிலையில் இழுத்தால் திரவம் கருகி ஃபார்மால்டிஹைட் போன்றவை உண்டாகும். தினசரி உபயோகம் என்று சொல்ல முடிகிற பொருளுக்கு உதிரிப்பாகம் அஞ்சுகிராமத்திலோ கொட்டாரத்திலோ, குறைந்தபட்சம் நாகர்கோவிலிலோ கிடைக்க வேண்டாமா?

அவனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். கொண்டு வராதே. திருவனந்தபுரத்தில் இறங்கும்போதே அது இறக்குமதிதான். அங்கே இருக்கிறவரை பயன்படுத்துவதென்றால் வாட்டைக் குறை, செல்லை வெளிச் சார்ஜரில் போடு, உறை கிழிந்தால் மாற்று, உதிரி செல்லுக்குப் பத்து ரூபாய் பெறாத பிளாஸ்டிக் டப்பா வாங்கு. அடுத்த மாதம் கம்பெனி வேலையாக சிங்கப்பூர் போவதாகச் சொன்னாயே, அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம், மறந்தும் பெட்டியில் போட்டுவிடாதே. லீவில் இருக்கிற நாற்பது நாளுக்கு மெடிக்கல் ஷாப்பில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கும். 1800-11-2356 என்று சிகரெட் பெட்டியிலேயே இலவச உதவி எண் அச்சடித்திருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள்.

"சரிண்ணே, அந்த ரெண்டு செல்லையாவது எடுத்துட்டு வரட்டா, டார்ச்சுக்கு ஆகும்லா?" என்று பதில் வந்தது. செல்லுக்குத் தடை இல்லை. முனையில் டேப் ஒட்டி, கைப்பையில் வைத்து, 18650 போடுகிற டார்ச்சாகப் பார்த்து வாங்கச் சொன்னேன்.