பன்னிரண்டு குச்சிகள்

ஹைதராபாத் நௌபத் பஹாட் மேலிருக்கும் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், பொத்தான் கண்ட இடமெல்லாம் அழுத்திவிட்டு அடுத்ததற்கு ஓடுவார்கள். அதில் தப்பில்லை, நானும் அழுத்தியவன்தான். ஆனால் அதே ஊரில் ஒரு அடுக்ககத்தின் மொட்டைமாடியில், ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் பாய்மேல் உட்கார்ந்து தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்துக்கொண்டு செய்யும் வேலை வேறு ஜாதி. அங்கே யாரும் ஓடுவதில்லை.

இதற்கு வழிகாட்டி அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்தவர், டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1978-ல் விடுப்பு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். கிராமத்துப் பள்ளிகளில் சோதனை செய்தே அறிவியல் கற்பிப்பது என்று 1972-ல் தொடங்கிய திட்டம் அது. கிராமச் சந்தையில் கிடைத்த தீக்குச்சி, வால்வு டியூப் இரண்டையும் சேர்த்து அவர் உருவாக்கிய வடிவங்கள் பிறகு புத்தகமாயின. 2018-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

வேலையின் நுட்பம் முழுக்க மூட்டில் இருக்கிறது. டியூபை விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, மருந்து சுரண்டிய குச்சிகளை இரண்டு பக்கமும் செருகினால், முழங்கை மாதிரி மடங்கும் இணைப்பு. நடுவில் கருவேல முள்ளால் குத்தி மூன்றாவது குச்சியை நுழைத்தால் மூன்று முனை. ஒரு டியூபைத் துளைத்து அதன் குறுக்கே இன்னொன்றைக் கோத்தால் நாலு முனை. முள்ளை ஓரமாகக் குத்தினால் ரப்பர் கிழியும். பதமாக நடுவில் குத்தும் பிள்ளையின் நாக்கு நுனி தானாகவே வெளியே வந்துவிடும். நல்ல மூட்டைப் பார்த்தாலே தெரியும்: குச்சி உள்ளே போன இடத்தில் ரப்பர் சுருங்காமல் இழுத்துப் பிடித்திருக்கும்.

முதலில் முக்கோணம். அழுத்தினாலும் அசையாது. அடுத்து சதுரம். தொட்டதும் சாய்ந்து சாய்சதுரமாகும். இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், விரலே சொல்லிவிடும்.

நான் காத்திருப்பது கனசதுரத்துக்கு. பன்னிரண்டு குச்சி, எட்டு மூட்டு. கட்டி முடித்துப் பெருமையாகக் கையை எடுத்ததும் அப்படியே சரியும். ‘படிப்போயிந்தி!’ (விழுந்துவிட்டது!) என்று தெலுங்கில் ஒரு கூச்சல். பிறகு அதே பன்னிரண்டு குச்சிகளைப் பிரித்து, ஆறே மூட்டுகளில், மூட்டுக்கு நாலு குச்சியாகக் கட்டச் சொல்வார் அங்கே சொல்லித்தரும் அக்கா. எண்முகி. எட்டுப் பக்கமும் முக்கோணம். உருட்டிவிட்டாலும் உருக்குலையாது. குச்சி அதேதான், ஒன்றுகூடக் கூடவில்லை. பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோணம் முக்கோணமாக இரும்பு ஓடுவதன் காரணம் பத்து வயதில் கைக்குள் இருக்கிறது. முகங்கள் எல்லாம் உறுதியாக இருந்தால் குவிந்த பன்முகி வளையாது என்பதைக் கணிதவியலாளர் கோஷி 1813-ல் நிறுவினார். அதைப் பிள்ளைகளிடம் சொல்லி ஆட்டத்தைக் கெடுக்க வேண்டாம்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பெட்டிகள்மேல் எனக்குள்ள கோபம் இதனால்தான். கோணம் மாறாத கெட்டி இணைப்பு கொடுத்துவிடுகிறார்கள். அதில் சதுரமும் விறைப்பாக நிற்கும். வடிவத்தின் குணத்தை மூடிமறைத்துவிட்டு அதற்கு விலை வேறு.

சரக்கிலும் ரசனை உண்டு. மெழுகுக் குச்சி உதவாது, வளைந்துவிடும், மரக்குச்சிதான் வேண்டும். எங்கே வாங்கினாலும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து முகவரிதான், அதில் ஒரு சின்னச் சந்தோஷம். டியூப்தான் இப்போது தேட வேண்டியிருக்கிறது. புதிய சைக்கிள்களில் பல வேறு வகை வால்வோடு வருவதால், பழைய வண்டிகளுக்கு ரிப்பேர் பார்க்கும் கடையில் மீட்டர் கணக்கில் கேட்க வேண்டும்.

சரிந்த கனசதுரத்தை விட மனசில்லாத ஒரு பெண், பக்கத்துக்கு ஒன்றாக மூலைவிட்டம் வைத்துப் பார்த்தாள். தீக்குச்சி எட்டவில்லை. துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, சதுரத்தின்மேல் வைத்து அளந்து ஒடித்தாள்: தீக்குச்சியைப்போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டின் வர்க்கமூலம் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது. மூட்டுகளில் கூடுதலாகத் துளை போட்டு ஆறு ஈர்க்குச்சிகளையும் செருகினாள். நின்றது. ஐந்து போதாதா என்று ஒன்றை உருவிப் பார்த்தாள். ஆடியது.